சிப்பியை உடைக்காம உள்ளே பார்க்கிறது

தூத்துக்குடி முத்துக்குளிப்புன்னு சொன்னதும் எல்லாருக்கும் ஞாபகம் வர்றது கல்லைக் கட்டிக்கிட்டு கடல்ல இறங்குற குளியாள்தான். கரையில நடந்த வேலையைப் பத்தி யாரும் அவ்வளவா பேசுறதில்லை. ஏலத்துல மொத்தமா சிப்பி எடுத்த வியாபாரிகள் அதை ஒண்ணொண்ணா கத்தி வச்சுத் திறக்க மாட்டாங்க, கட்டுப்படியாகாது. கடற்கரையில வேலி அடைச்ச கொட்டுல குவிச்சு வெயில்ல போட்டுடுவாங்க. ஒரு வாரம், பத்து நாள் அழுகும். ஈ மொய்க்கும், புழு வைக்கும், புழு சதையைத் தின்னும். அப்புறம் அந்தக் கூழைத் தொட்டியில கொட்டி, கடல் தண்ணியை ஊத்தி ஊத்தி அலசுவாங்க. அழுக்கெல்லாம் போனப்புறம் அடியில தங்குறது முத்து. தங்கினா உண்டு. பெரும்பாலான சிப்பியில ஒண்ணும் இருக்காது.

உள்ளே முத்து இருக்கா இல்லையான்னு தெரிஞ்சுக்க சிப்பியைக் கொன்னாகணும். இதுதான் அந்தத் தொழிலோட அடிப்படைச் சங்கடம். நம்ம பக்கத்துக் கடல்ல 1955லேருந்து 1961 வரைக்கும் நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்புத் தொடர், அது வரைக்கும் இதே கதைதான். பிரான்ஸ்ல ரஃபேல் துபுவாங்கிற விஞ்ஞானி 1901லேயே, சிப்பியை எக்ஸ்ரே எடுத்துப் பாருங்க, முத்து இல்லாததைத் திரும்பக் கடல்லயே விட்டுடலாம்னு யோசனை சொன்னார். நல்ல யோசனை. ஆனா லட்சக்கணக்கான சிப்பியை யார் உக்காந்து படம் எடுக்கிறது?

நான் எழுத வந்தது முத்தைப் பத்தி இல்லை. நம்ம மண்டை ஓட்டுக்குள்ள இருக்கிற தண்ணியைப் பத்தி. அந்தத் தண்ணி எங்கேருந்து வருது, எப்படிப் போகுது, போகும்போது மூளையோட கழிவை எடுத்துட்டுப் போகுதாங்கிறதை மனுஷன் எப்படிப் பார்த்தான்ங்கிறது ஒரு நீளமான கதை. அங்கேயும் இதே சங்கடம்தான்: திறந்தா போச்சு. பதிவு கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க.

மூளையைச் சுத்தியும், மூளைக்கு நடுவுல இருக்கிற நாலு அறைகளுக்குள்ளேயும் தண்ணி மாதிரி தெளிவா ஒரு திரவம் இருக்கு. ஒரு நேரத்துல சுமார் 150 மில்லி, ஒரு டம்ளர் அளவு. ஆனா ஒரு நாளைக்கு ஊறுறது சுமார் 500 மில்லி. அப்படின்னா மூணு நாலு தடவை முழுசா மாறியாகணும். ஊறுற அளவுக்கு வடியலேன்னா மண்டைக்குள்ள தேங்கும். மண்டை ஓடு விரியாது. குழந்தைகளுக்கு மட்டும் எலும்பு இன்னும் கூடாததால விரியும், தலை பெருசாகும்.

இவ்வளவு தண்ணி இருந்தும் பல நூற்றாண்டா உடற்கூறு வல்லுநர்கள் அதைச் சரியாக் கவனிக்கவே இல்லை. ஏன்னு 1764ல இத்தாலியில டொமெனிகோ கொத்துன்யோ சொன்ன காரணம் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பிணத்தை அறுக்கும்போது முதல்ல தலையைத் துண்டிச்சிடுறீங்க, தண்ணியெல்லாம் வழிஞ்சு போயிடுது, அப்புறம் மூளையைத் திறந்தா எப்படித் தெரியும்னு கேட்டார். அவர் உடலை நிக்க வச்சு, கீழ் முதுகுப் பக்கம் திறந்தார். தண்ணி கொட்டுச்சு. பார்க்கிற முறையே பார்க்க வேண்டிய பொருளை அழிச்சிடுது. கொட்டுல அழுகின சிப்பி மாதிரி.

அதுக்கப்புறம் 1875 வாக்குல ஸ்வீடன்ல கேய், ரெட்சியுஸ்னு ரெண்டு பேர் பிணங்களுக்குள்ள நீலச் சாயம் கலந்த ஜெலட்டினைச் செலுத்தி, அது எந்த வழியா எங்கே போகுதுன்னு அழகழகான படங்களா வரைஞ்சு வச்சாங்க. ஆனா பிணத்துல இதயம் அடிக்காது, மூச்சு இல்லை, தூக்கமும் இல்லை. ஓட்டத்தைப் பார்க்கணும்னா உயிரோட இருக்கிற ஆள் வேணும்.

உயிரோட இருந்த ஆளுங்க யாருன்னு கேட்டா மனசு கஷ்டமா இருக்கும். தலையில நீர் கோத்த குழந்தைகள்தான். அமெரிக்காவுல ஜான்ஸ் ஹாப்கின்ஸ்ல வால்டர் டேண்டியும் கென்னத் பிளாக்ஃபானும் 1913-14ல அந்தக் குழந்தைகளோட மூளை அறைக்குள்ள ஒரு சாயத்தைச் செலுத்தினாங்க. அப்புறம் முதுகுத் தண்டுல ஊசி போட்டு சாயம் அங்கே வந்துச்சான்னு பார்த்தாங்க. மூத்திரத்துல எப்போ வருது, எவ்வளவு வருதுன்னு அளந்தாங்க. சாயம் முதுகுக்கு வரலேன்னா நடுவுல அடைப்பு. முதுகுக்கு வந்தும் மூத்திரத்துக்கு வரலேன்னா, அடைப்பு இல்லை, ஆனா உறிஞ்சப்படலை. மனுஷ மூளையிலேருந்து ஒரு பொருள் எவ்வளவு வேகமா வெளியேறுதுன்னு அளந்த ஆரம்பகாலச் சோதனைகள்ல இதுதான் முக்கியமானதுன்னு நான் நினைக்கிறேன். படம் இல்லை. மூத்திரப் பாத்திரமும் கடிகாரமும்தான்.

படம் வந்தது ஒரு விபத்தால. 1913ல லக்கெட்னு ஒரு நியூயார்க் டாக்டர் ஒரு எக்ஸ்ரே வெளியிட்டார். ட்ராம் மோதி மண்டை உடைஞ்ச ஒரு ஆளுக்கு, விரிசல் வழியா காத்து உள்ளே போய் மூளை அறைகளை நிரப்பியிருந்துச்சு. சாதாரண எக்ஸ்ரேல மூளையும் தண்ணியும் ஒரே சாம்பல் கலர், பிரிச்சுப் பார்க்க முடியாது. காத்து மட்டும் கறுப்பா பளிச்சுன்னு தெரியும். டேண்டி அதை விடலை. 1918ல மண்டையில துளை போட்டுத் தண்ணியை எடுத்துட்டு அந்த இடத்துல காத்தை ஏத்திப் படம் எடுத்தார். 1919ல முதுகு வழியாவே காத்தை ஏத்தினார். பெரிய சாதனைதான். ஆனா அனுபவிச்ச நோயாளியைக் கேட்டாத்தான் தெரியும். தாங்க முடியாத தலைவலி, வாந்தி, வியர்வை. காத்து ஒவ்வொரு அறைக்கும் போகணும்னு ஆளை நாற்காலியில கட்டிச் சாய்ப்பாங்க, கவுப்பாங்க. நாள்கணக்குல தலை தூக்க முடியாது. சிலர் செத்தும் போனாங்க. ஐம்பது வருஷத்துக்கு மேல உலகம் பூரா மூளையைப் பார்க்க இதுவும், ரத்தக் குழாய்ல மருந்து ஏத்தி எடுக்கிற ஆஞ்சியோகிராமும்தான் வழி.

நம்ம ஊர்ப் பக்கம் வருவோம். 1949ல வேலூர் சிஎம்சியில ஜேக்கப் சாண்டி மூளை அறுவை சிகிச்சைத் துறையை ஆரம்பிச்சார். இந்தியாவிலேயே முதல். 1950ல சென்னை பொது மருத்துவமனையில பி. ராமமூர்த்தி. 1951ல இவங்களும் எஸ்.டி. நரசிம்மனும் பல்தேவ் சிங்கும் சேர்ந்து இந்திய நரம்பியல் சங்கத்தை ஆரம்பிச்சாங்க. மொத்தமே நாலு பேர் :-) இவங்க கையில இருந்த கருவியும் அதே காத்தும் ஆஞ்சியோகிராமும்தான்.

வெளிநாட்டுல இல்லாத ஒரு பிரச்சினை இங்கே குவிஞ்சு கிடந்துச்சு. டிபி. காசநோய் மூளைச் சவ்வுக்குப் போனா, மூளையோட அடிப்பக்கம் கஞ்சி மாதிரி ஒரு கசிவு படிஞ்சு, தண்ணி வெளியேறுற பாதையை அடைச்சிடும். டிபி மருந்து கிருமியைக் கொல்லும், ஆனா அடைச்ச வழி அடைச்சதுதான். புள்ளைக்கு நினைவு தப்பும், கண் போகும். தேங்கின தண்ணியை ஷண்ட்னு சொல்ற மெல்லிசுக் குழாய் போட்டு வயித்துக்குத் திருப்பி விட்டா பிழைக்கலாம். ஆனா யாருக்குப் போட்டா பலன், யாருக்குப் போட்டும் பலன் இல்லை? 1991ல வேலூர்க்காரங்க (பாலூர், ராஜசேகர், மேத்யூ சாண்டி, ஜோசப், ஆபிரகாம்) ஷண்ட் போட்ட நூத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைப் பல வருஷம் பின்தொடர்ந்து ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. நோயாளி எந்த நிலையில வர்றார்ங்கிறதை வச்சு நாலு தரமாப் பிரிச்சாங்க. இன்னிக்கும் உலகத்துல டிபி மூளைக்காய்ச்சல் பத்தி எழுதுறவங்க அதை வேலூர் தரவரிசைன்னே சொல்றாங்க. வேலூர்னா கோட்டையும் வெயிலும்னு நினைக்கிறவங்க இதையும் சேர்த்துக்கலாம்.

அந்த ஷண்ட் விஷயத்துல ஒரு துணுக்கு. உத்தரப்பிரதேசத்துல ஷாஜஹான்பூர்ல செய்யுற சாப்ரா ஷண்டோட விலை 2005 வாக்குல சுமார் 35 டாலரா இருந்துச்சு. வெளிநாட்டு ஷண்ட் அப்போ 650 டாலர். உகாண்டாவுல பெஞ்சமின் வார்ஃப்ங்கிற டாக்டர் குழந்தைகளுக்கு ரெண்டையும் போட்டு ஒப்பிட்டு 2005ல வெளியிட்டார். பலன்ல பெரிய வித்தியாசமே இல்லை.

சரி, இப்போ தண்ணி தேங்கியும் அழுத்தம் ஏறாத ஒரு வினோதத்துக்கு வரணும். எங்க வீட்டுக்குள்ளேயும் வந்த வினோதம் இது. கொலம்பியாவுல, போகோட்டா நகரத்துல சாலமோன் ஹக்கீம்னு ஒரு டாக்டர். 1957ல விபத்துல அடிபட்ட 16 வயசுப் பையன் ஒருத்தன், அறைகள் பெருசா இருக்கு, ஆனா முதுகுல ஊசி போட்டு அளந்தா அழுத்தம் சாதாரணம். சோதனைக்காகக் கொஞ்சம் தண்ணி எடுத்தப்புறம் பார்த்தா, பேசாம கிடந்த பையன் பேசுறான். ஹக்கீமும் ரேமண்ட் ஆடம்ஸும் 1965ல இதை எழுதினாங்க. வயசானவங்ககிட்ட இது மூணு அறிகுறியா வரும்: காலைத் தரையிலேருந்து எடுக்க முடியாம ஒட்டுன மாதிரி நடை, மூத்திரம் அடக்க முடியாம போறது, மறதி. மூணுமே கிழவங்களுக்கு வர்றதுதானேன்னு எல்லாரும் விட்டுடுற அறிகுறி.

எங்க அப்பா துறைமுகத்துல விஞ்ச் ஓட்டினவர். பாதி வாழ்க்கை ராத்திரி ஷிப்டு. 2015 வாக்குல நடை மாறிச்சு. வாசப்படிகிட்ட வந்து நின்னுடுவார், கால் வராது. "காந்தம் வச்சு இழுக்க மாதிரி இருக்குல" அப்படின்னார். அப்புறம் வேட்டி நனைய ஆரம்பிச்சுது. தெருவுல எல்லாரும் "அண்ணாச்சிக்கு வயசாயிட்டு" அப்படின்னுட்டாங்க. எடுத்த முதல் ஸ்கேன்ல அறைகள் பெருசா இருக்கிறது தெரிஞ்சுது. வயசான மூளை சுருங்கினதால இடம் பெருசாத் தெரியுதுன்னு ரிப்போர்ட்டுல எழுதிட்டாங்க. அதே படத்தை வேற ஊர்ல இன்னொரு டாக்டர் பார்த்துட்டு, சுருங்கியும் இருக்கலாம், தண்ணி வடியாமலும் இருக்கலாம், படத்தை மட்டும் வச்சு சொல்ல முடியாதுன்னார். முதுகுல ஊசி போட்டு 40 மில்லி எடுத்தார். மறுநாள் அப்பா ஆஸ்பத்திரி வராந்தாவுல தானா நடந்தார். ஷண்ட் போட்டாங்க. மறதி முழுசாப் போகலை. ஆனா அதுக்கப்புறம் நாலு வருஷம் யார் தோளையும் பிடிக்காம கடற்கரை ரோட்டுல நடந்துட்டுத்தான் போய்ச் சேர்ந்தார்.

அந்த டாக்டர் சொன்ன வாக்கியம்தான் என்னை இந்த விஷயத்துக்குள்ள இழுத்துது. தேங்கி நிக்கிற தண்ணி படத்துல தெரியுது. ஓடுறது தெரியலை. ஓட்டத்தைப் பார்க்க முடியாதான்னு தேட ஆரம்பிச்சேன்.

முயற்சி பண்ணியிருக்காங்க. 1964ல ஜோவான்னி டி கிரோ கதிரியக்க அயோடின் ஒட்டின புரதத்தை முதுகு வழியா ஏத்தி, அது மேல தலைக்கு ஏறுறதை ஒரு நாள், ரெண்டு நாள்னு தொடர்ந்து படம் எடுத்தார். நல்லா இருக்கிற ஆளுக்கு மூளையோட வெளிப்பக்கமா ஏறி வடிஞ்சிடும். ஹக்கீம் நோய்க்காரங்களுக்கு அது தலைகீழா அறைக்குள்ள போய் உக்காந்துக்கும். ஓட்டம் தெரிஞ்சுது, ஆனா புகை மாதிரி. மூளையோட சதைக்குள்ள என்ன நடக்குதுன்னு ஒண்ணும் தெரியாது.

தெளிவான படம் வேணும்னா கணக்கு வேணும். இங்கேதான் ஜி.என். ராமச்சந்திரன் வர்றார். எத்தனை பேருக்குத் தெரியும்னு தெரியலை, அதனால கொஞ்சம் விரிவாவே சொல்றேன். 1922ல எர்ணாகுளத்துல பிறந்த தமிழர். சி.வி. ராமனோட மாணவர். 1952ல முப்பது வயசுலேயே சென்னைப் பல்கலைக்கழகத்துல இயற்பியல் துறைத் தலைவர். கொலாஜன் புரதம் மூணு புரி கயிறு மாதிரி முறுக்கியிருக்குன்னு 1954ல கோபிநாத் கர்த்தாவோட சேர்ந்து சொன்னது இங்கே கிண்டி வளாகத்துலேருந்துதான். புரதம் படிக்கிற எல்லாருக்கும் ராமச்சந்திரன் வரைபடம் தெரியும். 1970 வாக்குல சென்னையை விட்டு பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்குப் போயிட்டார். அங்கே ஏ.வி. லட்சுமிநாராயணனோட சேர்ந்து 1971ல ஒரு கட்டுரை எழுதினார், எக்ஸ்ரே நிழல்களிலேருந்து உள்ளே இருக்கிற உருவத்தை எப்படித் திரும்பக் கட்டுறதுன்னு.

விஷயம் என்னன்னா, எக்ஸ்ரேங்கிறது ஒரு நிழல். முன்னால இருக்கிறது, பின்னால இருக்கிறது எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா விழுந்திருக்கும். ஆனா ஒரு பொருளைச் சுத்திச் சுத்தி நூறு கோணத்துல நிழல் எடுத்தா? ஒவ்வொரு நிழலையும் அது வந்த திசையிலேயே திரும்ப இழுத்துப் பூசி, எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு கூட்டினா உருவம் வரும். வரும், ஆனா மசமசன்னு வரும். ஒவ்வொரு புள்ளியைச் சுத்தியும் ஒரு ஒளிவட்டம் ஒட்டிக்கும், மழை நாள்ல தெருவிளக்கைப் பார்க்கிற மாதிரி. அந்த மசமசப்பை எடுக்க அப்போ ஃபூரியே மாற்றம்னு ஒரு கனமான கணக்கைப் போட்டுக்கிட்டிருந்தாங்க. அன்னிக்கு இருந்த கம்ப்யூட்டருக்கு அது மலை. ராமச்சந்திரனும் லட்சுமிநாராயணனும் சொன்னது: பூசுறதுக்கு முன்னாடியே ஒவ்வொரு நிழலையும் ஒரு வடிகட்டி வழியா அனுப்பு. நிழல்ல ஒவ்வொரு புள்ளிக்கும் ரெண்டு பக்கமும் கொஞ்சம் கழிச்சு வை. அப்புறம் கூட்டும்போது ஒளிவட்டமெல்லாம் ஒண்ணையொண்ணு அடிச்சுக்கிட்டுப் போயிடும். ஃபூரியே தேவையே இல்லை, பெருக்கலும் கூட்டலும் போதும்.

இதே யோசனையோட ஒரு வடிவத்தை 1967லேயே பிரேஸ்வெல்லும் ரிடிலும் ரேடியோ வானியலுக்காகச் சொல்லியிருந்தாங்க, அதையும் சொல்லிடணும். அதே 1971, அக்டோபர் 1ந் தேதி லண்டன்ல காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டோட சிடி ஸ்கேன் முதல் நோயாளியோட தலையைப் படம் எடுத்துது. 80க்கு 80 கட்டம், அவ்வளவுதான். அவர் போட்ட கணக்கு வேற, ஆயிரக்கணக்கான சமன்பாட்டைத் திரும்பத் திரும்பத் தீர்க்கிற முறை. ஆனா கொஞ்ச வருஷத்துலேயே மிஷின் செய்யுற கம்பெனிகள் வடிகட்டிப் பூசுற முறைக்கு மாறிட்டாங்க. அந்த வடிகட்டிக்கு இன்னிக்கும் உலகம் பூரா ராம்-லாக்னுதான் பேர். ராமச்சந்திரன், லட்சுமிநாராயணன். 1979 நோபல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மேக்குக்கும் போச்சு. ராமச்சந்திரன் 2001ல சென்னையில காலமானார்.

நாற்காலியில கட்டிக் கவுக்கிற கொடுமை சிடி வந்ததோட ஒழிஞ்சுது. எங்க அப்பா ரெண்டு நிமிஷம் படுத்து எந்திரிச்சார், அவ்வளவுதான். இன்னொரு வேடிக்கை, இப்போ முத்தையும் சிடி எடுக்கிறாங்க. இயற்கை முத்தா வளர்ப்பு முத்தான்னு உடைக்காம கண்டுபிடிக்க, ரத்தினச் சோதனைச் சாலைகள்ல சின்ன சிடி மிஷின் வச்சிருக்காங்க. 1973ல தூத்துக்குடி பக்கம் வேப்பலோடையில மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்துக்காக அழகர்சாமி இந்தியாவோட முதல் உருண்டை வளர்ப்பு முத்துகளை உருவாக்கினார். வளர்ப்பு முத்துக்கு உள்ளே உருண்டைக் கரு இருக்கும், படத்துல மாட்டிக்கும். துபுவா கேட்டது நூறு வருஷம் கழிச்சு வேற வேலைக்கு வந்திருக்கு.

ஆனா சிடியும் நின்ன தண்ணியைத்தான் காட்டுது. ஓட்டத்துக்கு வர்றேன்.

1985ல அமெரிக்காவுல மேரிலாந்துல ரென்னல்ஸ், பட்ரீசியா கிரேடி இவங்க குழு விலங்குகள்ல ஒரு சோதனை செஞ்சாங்க. தண்ணியில விட்ட புரதம், ரத்தக் குழாய்களைச் சுத்தியிருக்கிற சந்து வழியா சில நிமிஷத்துல மூளைக்குள்ள பரவுது. மூளை ரத்தக் குழாய்களோட துடிப்பை மட்டுப்படுத்தினா பரவுறது குறையுது. மத்தவங்க திரும்பச் செஞ்சப்போ அதே மாதிரி வரலை, விஷயம் ஓரங்கட்டப்பட்டுச்சு. 2012ல ராச்செஸ்டர்ல ஜெஃப்ரி இலிஃப், மைக்கன் நெடர்கார்டு குழு உயிருள்ள எலியோட மூளையை நுண்ணோக்கியில நேரடியாப் பார்த்து அதே பாதையைக் காட்டி, கிளிம்பாட்டிக் அமைப்புன்னு பேர் வச்சாங்க. 2013ல அதே குழு, தூங்குற எலியில செல்களுக்கு நடுவுல இருக்கிற இடம் 60 சதவீதம் பெருசாகுது, கழிவு வேகமாப் போகுதுன்னு சொன்னாங்க. நம்ம வாட்ஸப்புல "தூங்கும்போது மூளை தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது" அப்படின்னு ரோஜாப்பூ படத்தோட வர்றது இதுதான். எலிங்கிற வார்த்தை மட்டும் வழியில எங்கேயோ விழுந்துடுச்சு.

மனுஷனுக்கு அது நடக்குதான்னு முதல்ல ஒழுங்காப் பார்த்தது நார்வே, ஆஸ்லோவுல. பெர் கிறிஸ்டியன் ஐடே அறுவை சிகிச்சைக்காரர், கெய்ர் ரிங்ஸ்டாட் படம் பார்க்கிறவர். யாரை வச்சுப் பார்த்தாங்க தெரியுமா? எங்க அப்பாவுக்கு வந்த அதே ஹக்கீம் நோய்க்காரங்களைத்தான். அவங்களுக்கு எப்படியும் முதுகுல ஊசி போட்டாகணும். அப்போ கொஞ்சூண்டு காடோலினியம் மருந்தை ஏத்தி, மணிக்கணக்குல, ராத்திரி தாண்டி மறுநாள் வரைக்கும் திரும்பத் திரும்ப எம்ஆர்ஐ எடுத்தாங்க. (எம்ஆர்ஐக்கு வழக்கமா ரத்தத்துல ஏத்துற மருந்து அது. முதுகுல போடுறது வழக்கமான உபயோகம் இல்லை, அளவு கூடினா ஆபத்து. யாரும் ஸ்கேன் சென்டர்ல போய்க் கேட்டுடாதீங்க.) 2017, 2018ல வந்த முடிவுகள்: மருந்து பெரிய ரத்தக் குழாய்களை ஒட்டி மூளைக்குள்ள இறங்குது. எலி மாதிரி நிமிஷக்கணக்குல இல்லை, மணிக்கணக்குல. மூளைச் சதைக்குள்ள அது உச்சத்துக்குப் போறது ஏறக்குறைய ஒரு ராத்திரி கழிச்சு. ஹக்கீம் நோய்க்காரங்களுக்கு உள்ளே போனது வெளியே வர லேட்டாகுது.

இதுதான் அந்த டாக்டர் படத்துல இல்லைன்னு சொன்ன விஷயம். சுருங்கின மூளைக்கும் வடியாத மூளைக்கும் வித்தியாசம் வடிகிற நேரத்துல இருக்கு.

2021ல அதே குழு தூக்கத்தைச் சோதிச்சுது. ஏழு பேரை ஒரு ராத்திரி முழுக்க தூங்க விடலை, பதினேழு பேரைத் தூங்க விட்டாங்க. தூங்காதவங்க மூளையில மருந்து அதிகமாத் தங்கிச்சு. அடுத்த ராத்திரி நல்லாத் தூங்கியும் அது ஈடாகலை. ஏழு பேர்தான், சின்ன எண்ணிக்கை. இன்னொண்ணும் கவனிக்கணும், வெளியேறினது காடோலினியம். அல்சைமர்ல படியுற அமிலாய்டு புரதம் அதைவிடப் பெரிய மூலக்கூறு. சின்னது போற வேகத்துல பெருசும் போகும்னு சொல்ல முடியாது. 2024ல லண்டன் இம்பீரியல் கல்லூரியில நிக் ஃபிராங்க்ஸ் குழு, எலிகள்ல தூக்கத்துலேயும் மயக்கத்துலேயும் கழிவு வெளியேறுறது குறையுதுன்னு நேர் எதிரா அறிவிச்சாங்க. நெடர்கார்டு பக்கம் அவங்க முறையே சரியில்லைன்னு மறுத்தாங்க. சண்டை முடியலை. அதே 2024ல ஆரகன்ல, மூளை அறுவை சிகிச்சை நடந்த அஞ்சு பேருக்கு மருந்து ஏத்திப் பார்த்து, ரத்தக் குழாய்களைச் சுத்தின சந்துல தண்ணி போறதைத் தெளிவாவே படம் எடுத்தாங்க. ஆக, மனுஷனுக்குப் பாதை இருக்கு. தூக்கம் அதைத் திறக்குதா, எவ்வளவு திறக்குதுங்கிறதுலதான் தகராறு.

ஊசியே இல்லாமப் பார்க்கவும் வழி தேடுறாங்க. 2017ல நாகோயாவுல தவோகா ஒரு எம்ஆர்ஐ அளவீட்டைச் சொன்னார், மூளை அறைக்குப் பக்கத்துல தண்ணி மூலக்கூறு எந்தத் திசையில அசையுதுன்னு பார்க்கிறது. சுலபமா இருக்கிறதால உலகம் பூரா பிடிச்சுக்கிட்டாங்க, எந்த நோயா இருந்தாலும் இதைப் போட்டு ஒரு கட்டுரை வந்துடுது. ஒரு சின்ன இடத்துல அசைவைப் பார்த்துட்டு மூளை முழுக்க வடிகால் எப்படின்னு சொல்றது எனக்கு அதிகப்படியாத்தான் தெரியுது. பழைய காயல்ல ஒரு வாய்க்காலைப் பார்த்துட்டு தாமிரபரணி அளவைச் சொல்ற மாதிரி.

எனக்கு நம்பிக்கை தர்றது இன்னொரு வழி. 2019ல பாஸ்டன் பல்கலைக்கழகத்துல லாரா லூயிஸ் குழு, பதிமூணு பேரை எம்ஆர்ஐக்குள்ளேயே தூங்க வச்சாங்க (அந்தச் சத்தத்துல எப்படித்தான் தூங்கினாங்களோ). ஆழ்ந்த தூக்கத்துல மூளையில மெதுவான மின்னலை வருது, பின்னாடியே ரத்தம் குறையுது, அந்த இடத்துக்குத் தண்ணி அலையா உள்ளே வருது, சுமார் 20 வினாடிக்கு ஒரு தடவை. ஊசி இல்லை, மருந்து இல்லை. ஆனா ஒண்ணு, அதுல தண்ணி வர்றது தெரியுது. கழிவு போறது தெரியாது.

2025ல லூயிஸ், இப்போ எம்ஐடியில, அடுத்ததை வெளியிட்டாங்க. 26 பேர். ஒரு ராத்திரி தூங்காம இருந்தப்புறம் ஸ்கேனருக்குள்ள முழிச்சுக்கிட்டே ஒரு கவனச் சோதனை: சத்தம் கேட்டா, கட்டம் மாறினா பட்டனை அமுக்கணும். அப்பப்போ சில வினாடி கவனம் தப்பும், கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். சரியா அந்த வினாடியில மூளைத் தண்ணி வெளியே பாயுது. கண்மணி சுருங்குது. கவனம் திரும்புனா தண்ணி திரும்ப உள்ளே வருது. தூக்கத்துல வர வேண்டிய அலை, இடம் கிடைக்காம முழிப்புக்குள்ள நுழையுது.

அப்பா காலத்துல ராத்திரி ரெண்டு, மூணு மணிக்குக் கப்பல்ல சரக்குத் தொங்கும்போது விஞ்ச்காரர் ஒரு வினாடி "அசந்துட்டார்"னு சொல்லுவாங்க. கீழே ஹேட்சுக்குள்ள ஆள் நிக்கும். மேலேருந்து சைகை காட்டுறவர் அதனாலதான் அடிக்கடி பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டே இருப்பாராம், வேலை ஒண்ணும் இல்லேன்னாலும்.

ராமச்சந்திரனோட கொலாஜன் கதையை இதுல நுழைக்க முடியலை. அது கங்காரு வால்ல ஆரம்பிக்கும். தனியா ஒரு பதிவு போடுறேன்.